தண்ணி ஒட்டாதாம், கறை மட்டும் ஒட்டுமாம்!

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. சோம்பேறித்தனம் ஒரு காரணம். எழுத ஆரம்பிச்சா என் தப்பையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும்ங்கிறது பெரிய காரணம். இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி, ஆரம்பிச்சிட்டேன்.

கார் வச்சிருக்கிறவங்களுக்கு மட்டுமான பதிவுன்னு நெனச்சு ஓடிடாதீங்க மக்களே. வீட்டுல ஆர்.ஓ. மெஷின் இருக்கா? அப்ப நீங்களும் படிக்கணும். ஏன்னு போகப் போகப் புரியும்.

மேட்டர் என்னன்னா

போன வருஷம் ஜனவரில கறுப்பு கலர்ல ஒரு கார் வாங்கினேன். கறுப்பு காரை சென்னைல வச்சுக்கிறது வேட்டியக் கட்டிக்கிட்டு சேத்துல நடக்கிற மாதிரின்னு அப்பவே அப்பா சொன்னாரு. கேட்டேனா? கார் வாங்கின சூட்டோட ஒரு கடைல 22 ஆயிரம் கொடுத்து செராமிக் கோட்டிங்கும் போட்டேன். கடைக்காரர் பாட்டில் தண்ணிய பானெட் மேல ஊத்திக் காட்டினாரு. முத்து முத்தா உருண்டு ஓடுச்சு. "பாத்தீங்களா சார், தாமரை இலை மாதிரி. தண்ணியே ஒட்டாது. அழுக்கும் அதோட போயிடும். மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல" ன்னாரு. வாயைப் பொளந்துக்கிட்டு வீடியோ எடுத்தேன். ஸ்டேட்டஸ்லயும் போட்டேன். (சிரிக்காதீங்க.)

ஏழு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை வெயில்ல வண்டிய நிறுத்திப் பாக்கறேன், பானெட், ரூஃப் முழுக்க வட்ட வட்டமா வெள்ளைக் கறை. யாரோ சுண்ணாம்புத் தண்ணிய விரல்ல தொட்டு தெளிச்ச மாதிரி. துடைச்சாப் போகல. ஷாம்பூ போட்டாலும் போகல. தண்ணி ஊத்தினா முத்தும் வரல, ஒண்ணும் வரல. சப்பையா பரவிக்கிட்டு நிக்குது.

கடைக்குப் போனேன். அவர் பத்து செகண்டு பாத்தாரு. "தினமும் வண்டி கழுவுறவன் யாரு சார்? அழுக்குத் துணிய வச்சுத் தேச்சுக் கோட்டிங்க சாகடிச்சிட்டான். பாலிஷ் போட்டு மறுபடி கோட்டிங் போடணும். ஒம்பதாயிரம் ஆகும்" ன்னாரு. வாரண்டி இருக்கேன்னேன். கார்டைத் திருப்பிக் காட்டினாரு. பின்னாடி எறும்பு சைஸ் எழுத்துல இருந்துச்சு, தண்ணிக் கறை வாரண்டில வராதாம். தண்ணி ஒட்டாதுன்னு வித்த பொருளுக்கு, தண்ணியால வர்ற கறைக்கு வாரண்டி கிடையாது! இதை என்னன்னு சொல்றது?

நான் என்ன பண்ணியிருக்கணும்? அங்கயே சண்டை போட்டிருக்கணும். பண்ணலை. நேரா வீட்டுக்கு வந்து, எங்க அப்பார்ட்மெண்ட்ல வண்டி கழுவுற அண்ணனைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். நாப்பத்தஞ்சு, அம்பது வயசிருக்கும் அவருக்கு. நாலு பேர் பாக்க. போதாக்குறைக்கு வாட்ஸப் குழுவுல ஃபோட்டோவும் போட்டேன். உடனே இன்னும் நாலு பேர் "என் வண்டிலயும் இருக்கு" ன்னு கிளம்பினாங்க. அசோசியேஷன்ல அவருக்கு அந்த மாசக் காசைப் பிடிச்சு, எங்க பிளாக்குக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டாங்க.

அவர் திட்டு வாங்கும்போது ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "சார், இது உப்புத் தண்ணி சார். காஞ்சா வெள்ளை வெள்ளையாத்தான் நிக்கும். முன்னாடியே உங்ககிட்ட சொன்னேனே சார்."

சொல்லியிருந்தாரு. நான்தான் காதுல வாங்கலை.

பக் எங்க இருக்கு?

நம்ம பொழப்புல ஒரு பழக்கம் உண்டு. புரொடக்‌ஷன்ல ஏதாவது வெடிச்சா முதல்ல லாகைப் பாக்கணும். அதை விட்டுட்டு கைல கிடைச்ச டெஸ்டரைத் திட்டினா பக் அங்கயேதான் இருக்கும். நான் அன்னிக்கு செஞ்சது அதைத்தான். ரெண்டு நாள் கழிச்சுதான் புத்தி வந்து லாகைப் பாத்தேன். இங்க லாக்ங்கிறது தண்ணி.

சில நூறு ரூபாய்க்கு கையடக்க டி.டி.எஸ். மீட்டர் கிடைக்குது. தண்ணில கரைஞ்சிருக்கிற உப்புகளோட மொத்த அளவைத் தோராயமாக் காட்டும். வாங்கி எங்க மாடி டேங்க் தண்ணில முக்கினேன். போரும் லாரியும் கலந்த தண்ணி. 940 காட்டுச்சு. அதாவது ஒரு லிட்டர் தண்ணி காஞ்சா கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு மிஞ்சும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500, 2012) சொல்ற விரும்பத்தக்க அளவு 500. வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரைக்கும் போகலாம்னு அனுமதி. ஆக 940 ஒண்ணும் ஊர்ல இல்லாத அதிசயம் இல்லை. இந்த ஊர்ல எத்தனையோ அப்பார்ட்மெண்ட்ல இதுதான் கதை.

அந்த உப்புல ஒரு பங்கு கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட். தண்ணில கரைஞ்சிருக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. தண்ணி ஆவியாகும்போதோ, சூடாகும்போதோ கரியமில வாயு வெளிய போயி, கால்சியம் கார்பனேட்டா படிஞ்சிடும். சாதாரணத் தண்ணில அது திரும்பக் கரையாது. பாத்ரூம் ஹீட்டர் காயில்ல, வெந்நீர்ப் பாத்திரத்துல, குழாய் வாயில பாக்கறோமே அந்த வெள்ளைப் பொறை, அதேதான் இது. கார்ல வந்தா மட்டும் நமக்கு அடையாளம் தெரியலை.

அடுத்து ஒரு வேலை பண்ணேன். இங்கதான் எனக்குச் சாட்டையடி.

எங்க வீட்டுல ஆர்.ஓ. மெஷின்லேர்ந்து வெளிய போற கழிவுத் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு ஒரு டிரம்ல பிடிச்சு வைப்போம். 2019 கோடைல தண்ணிக்கு இந்த ஊர் பட்ட பாட்டைப் பாத்தவங்க யாரும் அதைச் சாக்கடைல விட மனசு வராது. அந்தத் தண்ணியத்தான் தினமும் கீழ எடுத்துட்டுப் போயி "அண்ணே, இதுல கழுவுங்க, தண்ணிய வேஸ்ட் பண்ணாதீங்க" ன்னு நானே கொடுப்பேன். ரொம்பப் பெருமையா. அந்த டிரம்முல மீட்டரை முக்கினேன்.

1310.

கணக்கு சுலபம். எங்க மெஷின் பத்து லிட்டர் உள்ள வாங்கினா மூணு லிட்டர் நல்ல தண்ணியாக் கொடுக்கும். அதுல 70தான். அந்த மூணு லிட்டரோட உப்பு எல்லாம் எங்க போகும்? மிச்ச ஏழு லிட்டர்ல ஏறிக்கும். நல்ல தண்ணிய நான் குடிச்சிட்டு, என் உப்பையும் சேர்த்து அந்த அண்ணன் கைல கொடுத்து, "என் காரைப் பளபளன்னு ஆக்கு" ன்னிருக்கேன்.

கழுவி முடிச்சதும் வண்டி மேல ஒரு 200 மில்லி தண்ணி தங்கி அப்படியே காயுதுன்னு வச்சுக்குங்க. ஒரு கழுவலுக்குக் கால் கிராமுக்கு மேல உப்பு. ஏழு மாசம், கிட்டத்தட்ட 200 கழுவல், 50 கிராம். துடைக்கும்போது கொஞ்சம் போயிருக்கும், எல்லாமே தங்கியிருக்காதுதான். ஆனாலும் ஒரு கைப்பிடி உப்பை என் பானெட் மேல நானே தூவ ஏற்பாடு பண்ணிட்டு, தூவினவர் கையை வெட்டியிருக்கேன். அவ்வ்வ்வ்.

சரி, கோட்டிங் பொய்யா?

பொய்யில்லை. சொல்ற விதம்தான் பொய். ஒவ்வொண்ணாப் பாப்போம்.

1. *"தாமரை இலை மாதிரி."* இல்லவே இல்லை. ஒரு பரப்பு மேல துளி எந்தக் கோணத்துல உக்காருதுங்கிறதை வச்சு அளப்பாங்க. 90 டிகிரிக்கு மேல போனா தண்ணிய விலக்குற பரப்பு. தாமரை இலைல அது 150ஐத் தாண்டும், லேசா சாய்ச்சாலே உருண்டு ஓடிடும், தூசியையும் வாரிக்கிட்டுப் போகும். பார்த்லாட், நைன்ஹூயிஸ்னு ரெண்டு ஜெர்மன் தாவரவியலாளர்கள் 1997-ல எழுதின கட்டுரைதான் இந்த விஷயத்தைப் பிரபலமாக்கிச்சு. அந்த இலை மேல கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளமும் மெழுகும் சேர்ந்து பண்ற வேலை அது. கார்ல போடற கோட்டிங் வழவழப்பானது, கோணம் சுமார் 100, 110. கதவு மாதிரி நிமிந்து நிக்கிற இடத்துல தண்ணி ஓடிடும். பானெட், ரூஃப், டிக்கி மாதிரி படுத்திருக்கிற இடத்துல முத்து முத்தா அப்படியே உக்காந்துக்கும். கடைக்காரர் ஓடுற துளியை மட்டும்தான் காட்டினாரு. உக்காந்த துளியை யாரும் வீடியோ எடுக்கிறதில்லை.

2. *"முத்து முத்தா நின்னா நல்லது."* இதுதான் பெரிய கூத்து. கோட்டிங் இல்லாத பெயிண்ட்ல தண்ணி பரவி மெல்லிசாக் காயும், உப்பும் பரவி மங்கலாத் தெரியும். கோட்டிங் மேல அதே உப்பு சின்னச் சின்ன துளிக்குள்ள அடைபட்டு ஒரே இடத்துல கெட்டியா விழும். அதுவும் வட்டமா. ஏன் வட்டம்? ஃபில்டர் காபி சிந்தின டேபிளைப் பாருங்க. நடுவுல வெளுப்பு, ஓரத்துல அடர்த்தியா ஒரு கோடு. துளியோட ஓரம் ஒரே இடத்துல மாட்டிக்கும். ஓரத்துல தண்ணி வேகமா ஆவியாகும். அதை ஈடுகட்ட நடுவுலேர்ந்து தண்ணி ஓரத்துக்கு ஓடும், கரைஞ்சதையும் மிதக்கிறதையும் இழுத்துக்கிட்டு. சிகாகோ பல்கலைக்கழகத்துல டீகனும் கூட்டாளிகளும் இதை நேச்சர் இதழ்ல விளக்கினதும் அதே 1997-லதான். நம்ம டபரா செட் பல வருஷமா காட்டிக்கிட்டு இருந்ததுதான், நாமதான் கவனிக்கலை.

3. *"9எச் கடினம் சார், வைரத்துக்கு அடுத்தது."* இதை என் காதுபடச் சொன்னாங்க. 9எச்ங்கிறது பென்சில் சார், பென்சில்! டிராயிங் கிளாஸ்ல எச்.பி., 2பி வாங்கினோமே அதே வரிசை. குறிப்பிட்ட எடைல, குறிப்பிட்ட கோணத்துல பென்சிலை வச்சுத் தள்ளிப் பாக்கிற சோதனை. வைரத்துக்கு 10 போடற மோஸ் அளவுகோல் வேற. ரெண்டுத்துலயும் 9ங்கிற நம்பர் வர்றதை வச்சு வியாபாரம் நடக்குது. இன்னொண்ணு, கடினத்துக்கும் தண்ணிக் கறைக்கும் சம்பந்தமே கிடையாது. கறை கீறல் இல்லை, படிவு. கண்ணாடியே பெயிண்ட்டை விடக் கடினம்தான், பாத்ரூம் கண்ணாடில கறை வர்றதில்லையா?

4. *"கோட்டிங் செத்துப் போச்சு."* இதுதான் எனக்கு ஒம்பதாயிரத்துக்குப் போட்ட தூண்டில். உப்புப் படலம் கோட்டிங் மேல மூடிக்கிட்டா தண்ணி முத்தா நிக்காது. ஏன்னா தண்ணி இப்ப தொடறது கோட்டிங்கை இல்லை, உப்பை. செத்துப் போகலை, போர்வை போத்தியிருக்கு. போர்வையை எடுத்தா எழுந்துக்கும். எடுத்துப் பாக்காமயே போஸ்ட்மார்ட்டம் பண்ணா எப்படி?

இன்னொரு கட்டுக்கதையையும் முடிச்சிடறேன். "வெயில்ல துளி லென்ஸ் மாதிரி வேலை செஞ்சு பெயிண்ட்டை எரிச்சிடும்" ன்னு சொல்றாங்க இல்லையா? தட்டையான பரப்புல உக்காந்திருக்கிற துளி வெளிச்சத்தைக் குவிக்கிற இடம் பரப்புக்கும் கீழதான் விழும். 2010-ல ஹங்கேரி ஆய்வாளர்கள் இலைகளை வச்சுப் பாத்தாங்க. வழவழப்பான இலை கருகலை, ரோமம் இருக்கிற இலைல துளி உயரத் தூக்கி நின்னா மட்டும் கருக வாய்ப்பு உண்டுன்னு சொன்னாங்க. கார்ல ரோமம் இல்லை. வெயில் பண்ற வேலை வேற. கறுப்பு பானெட் வெயில்ல 60 டிகிரிக்கு மேல சுடும். துளி சீக்கிரம் வத்தும், உப்பு கெட்டியா ஒட்டும், நாள்பட்டா மேல் பூச்சையே அரிக்கும்.

"அப்ப கோட்டிங்கே வேணாமா?"

இப்படி ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும், முன்கூட்டியே பதில். நான் அப்படிச் சொல்லலை. வண்டியோட கிளியர் கோட் சுமாரா 40, 50 மைக்ரான். கோட்டிங் ஒரு மைக்ரான் கணக்கு, அவ்வளவுதான். ஆனாலும் அடி வாங்க வேண்டிய இடத்துல அது முதல் அடியை வாங்கிக்குது. காக்கா எச்சம், மரத்துப் பிசின் எல்லாம் சுலபமா வருது. அழுக்கு கம்மியா ஒட்டுது, கழுவறது சுலபம். சிலிக்கா வகைங்கிறதால மிதமான அமிலத்தைத் தாங்குது, அதனால கறையை எடுக்கவும் வசதி. இதையெல்லாம் நேர்மையாச் சொல்லி விக்கிற ஆளுங்களும் இருக்காங்க, தெரியும். என் சண்டை "கழுவவே வேணாம், கவலையே வேணாம்" னு விக்கிறவங்ககூட. உண்மைல கோட்டிங் போட்டா உப்புத் தண்ணி ஊர்ல கவனம் கூடணும். தொடச்சுக் காய வைக்கிற வேலை கட்டாயம் ஆகுது. அதைச் சொன்னா விக்காது. சொல்லலைன்னா பழியை ஏத்துக்க அதிகாலை அஞ்சு மணிக்கு ஒருத்தர் பக்கெட்டோட வருவாரு.

"அந்தாள் துணியும் அழுக்குத்தானே, கீறல் போடறாங்களே" ன்னும் கேப்பீங்க. ஆமா, போடறாங்க. ஒரு பக்கெட், ஒரு துணி, இருபது வண்டி. மாசம் அறுநூறு ரூபா கொடுக்கிறோம். இருபத்தஞ்சு நாள் கழுவினா ஒரு நாளைக்கு இருபத்துநாலு ரூபா. டீயும் வடையும் அந்தக் காசுக்குச் சரியாப் போச்சு. அந்தக் காசுல புதுத் துணி, ரெண்டு பக்கெட், நல்ல தண்ணி, காய வைக்கிற டயம் எல்லாம் எதிர்பாக்கிறோம். பூச்சுக்கு 22 ஆயிரம் கொடுத்த நான் 200 ரூபாய்க்கு அவருக்கு ஒரு நல்ல துணி வாங்கித் தரலை. அதுக்கு எந்தக் கடைக்காரரும் பொறுப்பில்லை, நான்தான்.

கறையை எடுத்த கதை

ஒம்பதாயிரம் வச்சிருக்கிறவங்க இதைத் தாண்டிடலாம். மத்தவங்களுக்கு, நான் செஞ்ச வரிசை:

- வண்டி நிழல்ல, கைவச்சா ஜில்லுன்னு இருக்கணும். முதல்ல கார் ஷாம்பூ போட்டு நல்லாக் கழுவி, காய வச்சேன். மேல மண்ணு இருக்கும்போது தேய்ச்சா கறை போகாது, கீறல்தான் வரும்.

- கடைல விக்கிற வெள்ளை வினிகர் (அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம்), அதே அளவு ஆர்.ஓ. நல்ல தண்ணி. கலக்கி மைக்ரோஃபைபர் துணில நனைச்சு, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓரத்துல முதல்ல சோதனை. கால்சியம் கார்பனேட் அமிலத்துல கரையும், அவ்வளவுதான் ரகசியம். குழாய்ல படிஞ்ச வெள்ளைக்கு எங்கம்மா எலுமிச்சைத் தோல் தேய்க்கிறதும் இதே கெமிஸ்ட்ரிதான். நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சது எதுக்குன்னு தெரியலை.

- ஒரு நேரத்துல ரெண்டு சாண் அகலம் மட்டும். துணியை ஒரு நிமிஷம் போத்தி வச்சு, மெதுவா வழிச்சு எடுத்து, உடனே தண்ணி விட்டு அலசணும். வினிகரைக் காய விடவே கூடாது. கடைசில மறுபடி ஷாம்பூ, நல்ல தண்ணி, தொடச்சுக் காய வைக்கிறது.

- இதுக்கும் மசியாத கறைக்குன்னு தனியாத் திரவம் விக்கிறாங்க, பாட்டில்ல போட்டிருக்கிறபடி மட்டும் பயன்படுத்தலாம். சல்ஃபேட், சிலிக்கா வகைப் படிவுகள் வினிகருக்கு அசையாது.

- பாத்ரூம் ஆசிட் பக்கம் போகவே போகாதீங்க. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையோட சேர்ந்து குரோம், அலுமினியம், உங்க கை எல்லாம் போகும். யாரோ சொன்னாங்கன்னு ஒருத்தர் வீல்ல ஊத்தினதை என் கண்ணால பாத்திருக்கேன்.

- அப்பவும் வட்டம் தெரிஞ்சு, நகத்தால தடவினா பள்ளமாத் தட்டுப்பட்டா, அது படிவு இல்லை, அரிப்பு. மெஷின் பாலிஷ்தான் வழி. அந்த இடத்துல கோட்டிங்கும் போயிடும், மறுபடி போடணும். கடைக்குப் போக வேண்டியது இந்தக் கட்டத்துலதான், முதல்லயே இல்லை.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. முடிச்சிட்டு தண்ணி ஊத்தினேன். முத்து முத்தா நின்னுச்சு. செத்துப் போச்சுன்னு சர்டிஃபிகேட் வாங்கின அதே கோட்டிங். முப்பது ரூபா வினிகர். பானெட்ல மூணே மூணு வட்டம் மட்டும் போகலை, அது அரிச்சிருச்சு.

வராம இருக்க

இது அதைவிடச் சுலபம். காயற தண்ணில உப்பு இருக்கக் கூடாது, இல்லைன்னா தண்ணி தானாக் காயக் கூடாது. இந்த ரெண்டுல ஒண்ணைப் பிடிச்சாப் போதும்.

வெயில்ல கழுவ வேண்டாம். ஓட்டிட்டு வந்த சூட்டோடயும் வேண்டாம். தினமும் ஈரத்துணி போட்டுத் தேய்க்கிறதுக்குப் பதிலா வாரம் ஒரு தடவை ஒழுங்காக் கழுவினாப் போதும். ஹோஸ் இருந்தா கடைசியா முனையைக் கழட்டிட்டு, மெதுவா ரூஃப்லேர்ந்து ஊத்துங்க. தண்ணி துளியா உடையாம ஒரே படலமா வழிஞ்சு போகும், மிச்சம் கம்மி. உடனே பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரிச்சு ஒத்தி எடுங்க.

கடைசி அலசலுக்கு உப்பில்லாத தண்ணி வேணும். எங்க கிடைக்கும்? உங்க வீட்டு ஏ.சி.லேர்ந்து சொட்டுதே, அதுதான்! காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து விழுற தண்ணி அது, கிட்டத்தட்ட காய்ச்சி வடிச்ச தண்ணி மாதிரி. என் மீட்டர்ல 20 காட்டுச்சு. ராத்திரி பக்கெட் வச்சாப் போதும், துணில வடிகட்டிட்டு கடைசி அலசலுக்கு ஊத்தலாம். (குடிக்க வேண்டாம்!) மாடில பிடிச்ச மழைத்தண்ணியும் அப்படித்தான். தமிழ்நாட்டுல 2003-லயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கியாச்சு, குழாய் இருக்கான்னு உங்க மாடிக்குப் போயிப் பாருங்க. ஆர்.ஓ. கழிவுத் தண்ணி? தரை துடைக்க, டாய்லெட்டுக்கு ஊத்த வச்சுக்குங்க. காருக்கு மட்டும் கொடுக்காதீங்க. கொடுத்துட்டு அடுத்தவரைத் திட்டாதீங்க.

கடைசியா

கோட்டிங் விக்கிற அண்ணாச்சிகளுக்கு ஒரு கோரிக்கை. வண்டி எந்தக் கலர்னு கேக்கிறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுத் தண்ணி எவ்வளவு டி.டி.எஸ்.னு கேளுங்க. பாட்டில் தண்ணிய ஊத்திக் காட்டாதீங்க, அந்தந்த ஏரியா போர் தண்ணிய ஊத்தி, வெயில்ல காய விட்டுக் காட்டுங்க. கறை வாரண்டில வராதுன்னா அதைக் கார்டோட முன்பக்கம் போடுங்க. இது எதுவும் ராக்கெட் விட்டு நிலாவுக்குப் போற வேலை இல்லை. செய்யாததுக்கு ஒரே காரணம், செஞ்சா மறு பாலிஷ் வியாபாரம் படுத்துடும்.

அந்த அண்ணனைத் தேடிப் பிடிச்சேன். பக்கத்துத் தெரு அப்பார்ட்மெண்ட்ல கழுவிக்கிட்டு இருந்தாரு. மன்னிச்சுடுங்கண்ணேன்னேன், 1310 கதையைச் சொன்னேன். அவர் பெருசா ஒண்ணும் ஆச்சரியப்படலை. "அதான் சார் நான் சொன்னேன்" ன்னாரு, அவ்வளவுதான். பிடிச்ச காசை அசோசியேஷன்ல கேட்டேன். "முடிஞ்சு போன விஷயம்" னாங்க, நான் என் கைலேர்ந்து கொடுத்தேன். குழுவுலயும் நடந்ததை எழுதினேன். ஃபோட்டோ போட்டப்ப பொங்கின நாலு பேர்ல ஒருத்தர் மட்டும் கட்டைவிரல் போட்டாரு. இப்ப எங்க பிளாக்ல மூணு வண்டிக்கு மட்டும் வராரு. முன்னாடி பதினொண்ணு.

மிச்ச எட்டுல வட்டம் வட்டமா வந்துக்கிட்டுதான் இருக்கு. இப்ப புதுசா ஒரு பையன் கழுவறான். போன வாரம் அவனை யாரோ திட்டிக்கிட்டிருந்தாங்க.

டிஸ்கி: பானெட்ல மிச்சமிருக்கிற மூணு வட்டத்துக்கு பாலிஷ் போடலையான்னு வீட்டுல கேக்கறாங்க. அந்தக் காசுல டவல் வாங்கிட்டேன். மீட்டர் என்கிட்ட இருக்கு, பக்கத்துல இருக்கிற பதிவர்கள் இரவல் வாங்கிக்கலாம். உங்க வீட்டு டேங்க் எவ்வளவு காட்டுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க :-)